இயற்கையின் மேல் ஏற்றிய பழி

நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிக்கூடங்கள் சிலவற்றில் ஒரு வழக்கம் வேரூன்றி வருகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டவேண்டும் என்பதற்காக, படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்போடு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகின்றனர். ஏன் என வினவினால், “வல்லது வாழும், வலுவற்றது வீழும், இஃது இயற்கையின் சட்டம், விஞ்ஞானம் கண்ட உண்மை” என்று விடை வருகிறது. தம் செயலுக்குத் தாமே பொறுப்பேற்க அஞ்சுவோர் இயற்கையைச் சாட்சிக்கு அழைக்கின்றனர். அந்தச் சாட்சி உண்மையில் என்ன சொல்கிறது என்று நாம் விசாரிக்க விரும்புகிறோம்.

முதலில் அந்தச் சொற்றொடரின் வரலாற்றைப் பார்ப்போம். ‘தகுதியுடையது தப்பிப் பிழைக்கும்’ என்பதை 1864-ஆம் ஆண்டு எழுதியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்னும் ஆங்கிலேயத் தத்துவ ஆசிரியர். டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தது 1859-இல். அந்நூலின் ஐந்தாம் பதிப்பில், 1869-இல்தான், டார்வின் இத்தொடரை ஏற்றுக்கொண்டார். தகுதி என்று அவர் குறித்தது சூழலுக்கு இயைந்திருத்தலை. உடல் வலிமையையோ மேலாதிக்கத்தையோ அன்று. அதுமட்டுமா? வாழ்க்கைப் போராட்டம் என்ற சொல்லைப் பரந்த பொருளில், ஓர் உயிர் மற்றோர் உயிரைச் சார்ந்திருப்பதையும் உள்ளடக்கியே ஆள்வதாக அவரே விளக்கியிருக்கிறார். 1871-இல் எழுதிய மற்றொரு நூலில், ஒருவர்க்கொருவர் பரிவுடையோர் மிகுந்த கூட்டமே செழிக்கும் என்ற கருத்தையும் வெளியிட்டார். அவர் பெயரால் பேசுவோர் இவற்றைப் படித்தார்களா?

ருஷ்ய அறிஞர் குரொபோட்கின் 1860-களில் சைபீரியப் பனிவெளிகளில் சுற்றியவர். உயிர்கள் ஒன்றையொன்று அழிக்கும் கொடும் போட்டியைத் தேடிய அவர் கண்ணில் பட்டது, கடுங்குளிரை எதிர்த்து அவை கூடி வாழ்ந்த காட்சியே. அதனை 1902-இல் ‘பரஸ்பர உதவி’ என்னும் நூலாக்கினார்.

அரபு மொழியினர் வாழ்க்கைப் போராட்டத்தைத் ‘தனாஸுஉல் பகா’ என்று பெயர்த்தனர். ஸர்ஃபு ஓதிய மாணவன் எவனும் அறிவான்: போராட்டத்தைக் குறிக்கும் ‘தனாஸுஉ’ என்ற சொல்லும் கூட்டுறவைக் குறிக்கும் ‘தஆவுன்’ என்ற சொல்லும் ஒரே வாய்பாட்டில் பிறந்தவை. இருதிறத்தார் சேர்ந்து நிகழ்த்தும் செயலைக் குறிப்பது அவ்வாய்பாடு. இலக்கணத்தில் உடன்பிறந்த இரண்டும் இயற்கையிலும் உடனுறைகின்றன. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது அறிவு நேர்மையாகாது.

தஞ்சைத் தரணியின் உழவரைக் கேளுங்கள். தை மாதத்தில் நெல் அறுவடைக்குச் சில நாள் முன்பு, நிற்கும் பயிரின் ஊடே உளுந்தும் பச்சைப்பயறும் விதைப்பது அங்குள்ள வழக்கம். பயறு வகை நிலத்தை வளமாக்கும் என்பது அவர்களுடைய பட்டறிவு. அதன் காரணத்தை 1880-களில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் ஜெர்மானியர் இருவர் நிறுவினர். காற்றில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு நைட்ரஜன். ஆயினும் அதிலிருந்து ஓர் அணுவைக்கூடச் செடி நேரே எடுத்துக்கொள்ள இயலாது. வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்களே அதனைத் தழைச்சத்தாக மாற்றித் தருகின்றன. கைம்மாறாகச் செடி தன் இலைகளில் சமைத்த சர்க்கரையை அவற்றுக்கு ஊட்டுகிறது. நன்கு வேலை செய்யும் முடிச்சைப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் குருதிக்குச் செந்நிறம் தரும் பொருளின் இனத்தைச் சேர்ந்த ஒன்று அங்கே உயிர்வளியை அளந்து கொடுக்கிறது. சுப்ஹானல்லாஹ்! இதில் வல்லது எது, வலுவற்றது எது?

கடலுக்குச் செல்வோம். கீழக்கரைக்கு எதிரே மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. பவளப் பூச்சியின் உடலினுள் நுண்ணிய பாசிகள் வாழ்ந்து, வெயிலைக்கொண்டு உணவு சமைத்து அதற்குப் பெரும்பங்கைக் கொடுக்கின்றன. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் இவ்வுறவு முறிகிறது. பாசி வெளியேற, பவளம் வெளுக்கிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நம் கடலிலேயே இது நிகழ்ந்தது. வெளுப்பு நீடித்தால் பவளம் பட்டினியால் மடியும். எந்தப் பகையும் வந்து தாக்கவில்லை. துணை பிரிந்தது, அதுவே போதுமாயிற்று.

மறுப்போர் இங்கே குறுக்கிடுவர். “புலி மானைத் தின்னவில்லையா?” என்பர். தின்கிறது, போட்டி இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் புலியின் உயிரணுக்களில் ஆற்றல் தரும் நுண்ணுறுப்புகள், பண்டைக் காலத்தில் வேறோர் உயிரணுவுக்குள் குடியேறிய பாக்டீரியாக்களின் வழிவந்தவை என்பதை இன்று உயிரியல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1967-இல் லின் மார்குலிஸ் என்னும் அமெரிக்க அம்மையார் இதனை விரித்தெழுதியபோது பல இதழ்கள் கட்டுரையைத் திருப்பியனுப்பின. வேட்டையாடும் புலியே ஒரு கூட்டுறவின் விளைவு.

இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்றுண்டு. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், தழைச்சத்து ஆக்க இயலாதபடி செய்யப்பட்ட பாக்டீரியாக்களுக்குச் சோயாச் செடி உயிர்வளி வரத்தைக் குறைத்துவிட்டது. “செடியே பயனற்றதைத் தண்டிக்கும்போது, பள்ளி செய்வதில் என்ன தவறு?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. செடி எதனைத் தண்டித்தது? வீடும் உணவும் பெற்றுக்கொண்டு தன் பங்கைத் தராததை. பள்ளிக்கூடத்தில் அவ்வாறு செய்தவர் யார்? பிள்ளை வந்தான், கட்டணம் கட்டினான், ஒன்பது ஆண்டுகள் வரிசையில் அமர்ந்தான். அவனுக்குக் கற்பிக்கவேண்டிய பங்கைத் தராதிருந்தது பள்ளி. முடிச்சின் கணக்குப்படி தண்டனைக்குரியவர் யார் என்பதை நிர்வாகிகளே முடிவு செய்யட்டும்.

எனினும் நாம் செடியிடமிருந்து சட்டம் எழுதிக்கொள்பவர் அல்லர். இயற்கை ஷரீஅத் அன்று. அதில் படிப்பினை உண்டு, ஃபத்வா இல்லை. தேனீயின் பெயரிலும் எறும்பின் பெயரிலும் சூராக்கள் அமைந்த வேதத்தை உடைய நமக்கு, நன்மையில் ஒருவர்க்கொருவர் துணைநிற்றல் கட்டளையாகவே வந்துள்ளது. திருக்குறளும் ஒப்புரவுக்கென்று ஓர் அதிகாரம் வகுத்தது. 1377-இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், ஒருவன் ஒருநாள் உண்ணும் உணவுக்கே அரைப்பவனும் சுடுபவனும் கொல்லனும் தச்சனும் குயவனும் வேண்டும் என்று எடுத்துக்காட்டினார். தனியே வல்லவன் என்று ஒருவனும் இல்லை.

அரபி மதரஸாக்களில் பாடம் முடிந்தபின் மாணவர் வட்டமாய் அமர, புரிந்தவன் புரியாதவனுக்கு மீண்டும் எடுத்துரைக்கும் முறைக்குத் ‘தக்ரார்’ என்று பெயர். அதில் கேட்பவன் தேறுகிறான். சொல்பவனோ இன்னும் உறுதியாகத் தேறுகிறான். முடிச்சுக்கும் வேருக்கும் உள்ள உறவு இதுவே. இம்முறையைப் பள்ளிக்கூட மாலை வேளைகளில் நடத்தப் பணம் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

பெற்றோர்களே! பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது “தேர்ச்சி எத்தனை விழுக்காடு?” என்று கேட்கிறீர்கள். இனி, “ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர் எத்தனை பேர், அவர்களில் தேர்வு எழுதியவர் எத்தனை பேர்?” என்றும் கேளுங்கள். ஜமாஅத்தாரும் அக்கணக்கை ஆண்டுதோறும் கேட்டு வாங்கட்டும். கேள்வி மாறினால் வழக்கமும் மாறும். அதுவரை, வெளியே அனுப்பப்பட்ட பிள்ளையின் பழியை இயற்கையின் மேல் ஏற்றாதீர்கள். அது நிர்வாகத்தின் மேலும், விழுக்காட்டை மட்டும் கேட்ட நம் மேலும் நிற்கிறது.