ம் கொட்ட ஆளிருக்கிறது. கதை சொல்ல வாருங்கள்

கடற்கரை மக்களே,

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை ஊர்களின் ஆசிரியர்களும் பெற்றோர்களும் சேர்ந்து எழுதுகிறோம்.

"கதை எழுது" என்றால் பிள்ளைகள் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "கதை சொல்லு" என்றால் ஆவுளியா (கடற்பசு) பேசியது, முனி வலையை இழுத்தது என்று மணியடித்த பிறகும் நிறுத்துவதில்லை. வாயில் வருவது கைக்கு வராததற்குக் காரணம் நாம்தான். 'சொன்னாக' என்று பேச்சுவழக்கில் எழுதியதுமே சிவப்பு மையைத் திறந்துவிடுகிறோம்.

அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறு கதைப் புத்தகங்களைத் தந்திருக்கிறது. அவற்றின் பக்கத்தில் நம் கரையின் கதைகளும் உட்கார வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் முயல் தீவு, நல்லதண்ணித் தீவு, ஆனைப்பார் என்றெல்லாம் பெயர்கள். முயல் எப்படிக் கடல் தாண்டிப் போனது? உப்புக்கடல் நடுவே நல்ல தண்ணீரை வைத்தது யார்? இதைவிடவா ஒரு மாயக்கதைக்குத் தொடக்கம் வேண்டும்?

கரிசல் காட்டுக் கதைகளைக் கேட்டுக் கேட்டு எழுதி வைக்க கி.ராஜநாராயணன் இருந்தார். நம் கரைக்கு நம் பிள்ளைகளே அந்த வேலையைச் செய்யட்டும். தாமதிக்க நேரமில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை இழந்து வந்த சிறுவர்கள் இன்று எழுபதை ஒட்டிய தாத்தா பாட்டிகள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களும் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பள்ளிக்கும் விடுமுறை வரும். அந்த நாட்களில் உங்களிடம் நாங்கள் கேட்பது:

1. வாரம் ஒரு மாலை, படகடியிலோ திண்ணையிலோ ஒரு கதை சொல்லுங்கள். வலை பின்னுகிறவர், பாசி எடுக்கிறவர், எழுதப் படிக்கத் தெரியாதவர் எல்லோரும் வரலாம்.

2. கேட்ட கதையை மறுநாள் பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். முடிவை மாற்றினால் தடுக்காதீர்கள்.

3. பிறகு ஒரு நோட்டில், வீட்டில் பேசுகிறபடியே எழுதட்டும். எழுத்துப்பிழையைக் கடைசியில் பார்க்கலாம்.

4. எழுதியதை, கதை சொன்னவருக்கே வாசித்துக் காட்டட்டும். பள்ளி திறந்ததும் அந்த நோட்டு பள்ளி நூலகத்துக்குப் போகட்டும்.

கதை பாதியில் மறந்துபோகுமே என்று தயங்க வேண்டாம். மீதியைப் பிள்ளை சொல்லும். அப்போது நீங்கள் ம் கொட்டுங்கள்.

இப்படிக்கு,
கடலோர ஊர்களின் ஆசிரியர்கள், பெற்றோர்கள்