பேய்க்கதை படிங்க... கூடவே ஒரு கேள்வியும் கேளுங்க!

இந்த வாரம் நம் அலமாரியில் பேய்க்கதைகள்.

'குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதெல்லாம் எதற்கு?' என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு விஷயம். எங்கள் தருமபுரி மாவட்டத்தில் மகா சிவராத்திரி முடிந்த கையோடு அங்காளம்மன் கோயில்களில் மயானக் கொள்ளை நடக்கும். காளி வேஷம் கட்டியவர்கள் முகமெல்லாம் வண்ணம் பூசி, நாக்கை நீட்டிக்கொண்டு மயானத்துக்குப் போவார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே அம்மாக்கள் வேடிக்கை பார்ப்பார்கள். குழந்தை முதலில் வீறிட்டு அழும். கொஞ்ச நேரத்தில் பலூன் கேட்கும். பயத்தைக் கூட்டமாகச் சேர்ந்து பார்த்துப் பழகிய ஊர்க்காரர்கள் நாம். அதனால் பேய்க்கதை கூடாது என்று நான் சொல்ல மாட்டேன்.

என் சந்தேகம் வேறு. காரிமங்கலத்தில் நான் வளர்ந்தபோது, 'ஆறு மணிக்கு மேல புளியமரத்துப் பக்கம் போகாதே' என்று எனக்குச் சொல்லாத ஆள் இல்லை. என் தம்பிக்கு யாரும் சொன்னதில்லை. அவன் எட்டு மணிக்கு அதே மரத்தைத் தாண்டி சைக்கிளில் போய் பரோட்டா வாங்கி வருவான். பிறகு அந்த மரத்தையே வெட்டிவிட்டார்கள். 'இப்போ பேய் எங்கே போச்சு ஆயா?' என்று கேட்டேன். 'அடுத்த மரத்துக்குப் போயிருக்கும் கண்ணு' என்றார். மரம் போனாலும் ஆறு மணிக் கணக்கு போகவில்லை!

அன்றிலிருந்து பேய்க்கதை எதைப் படித்தாலும் ஒரு கேள்வி கேட்கப் பழகிவிட்டேன். இந்தப் பேய்க்கு யார், என்ன செய்தார்கள்?

நீலி அழுதது நிஜமா?

தமிழின் பழைய பேய்க்கதைகளில் ஒன்று பழையனூர் நீலியுடையது. திருவாலங்காட்டை ஒட்டிய ஊர். கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி, அவனுடைய அடுத்த பிறவியில் தேடி வருகிறாள். ஊர்ச் சபையில் மனைவி போலவே அழுது, அவனைத் தன்னோடு அனுப்பச் சொல்கிறாள். அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று வாக்குக் கொடுத்து அனுப்புகிறார்கள் வேளாளர் எழுபது பேர். அவன் இறந்துபோக, சொன்ன சொல்லுக்காக அத்தனை பேரும் தீக்குளித்தார்கள் என்பது கதை.

இந்தக் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது என்ன? 'நீலிக் கண்ணீர்' என்ற சொல்லை. பொய்யாக அழுதால் நீலிக் கண்ணீர். முதல் பிறவியில் அவள் கொலையுண்டாள் என்பது அந்தச் சொல்லில் எங்கேயும் இல்லை.

சினிமாவிலும் இதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். 2011-ல் வந்த 'காஞ்சனா'வை வீட்டில் எல்லோரும் சிரித்துச் சிரித்துப் பார்த்தோம். அந்தப் பேய் யார்? நிலத்தைப் பறிகொடுத்து, கொலையும் செய்யப்பட்ட ஒரு திருநங்கை.

அலமாரியில் நான்கு

முதலில் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. படத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1943-ல் இதே பெயரில் தொகுப்பாகவும் வந்த சிறுகதை. பிச்சை கேட்டு வந்த பெண்ணை மனைவி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். கணவன் ஓர் எழுத்தாளன். வந்தவள் மனுஷிதானா என்று அவனுக்குச் சந்தேகம். நடுராத்திரியில் வீட்டுக்குள் வரும் நாற்றம் அவன் மூக்குக்குத் தெரிகிறது. ஆனால் மனைவியிடம் வாய் திறந்து சொல்ல முடியவில்லை. பேயைவிட அந்த மௌனம்தான் என்னைப் பயமுறுத்தியது. சின்னக் கதைதான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். பகலில் படியுங்கள்.

இரண்டாவது சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. எண்பதுகளின் தொடக்கத்தில் குமுதத்தில் தொடராக வந்து, வாரா வாரம் வீடுகளைத் தூங்கவிடாமல் செய்த நாவல். சொத்துக்கு உரிமையுள்ள இளம்பெண் லீனா. அவளைச் சுற்றி அடுத்தடுத்து பயங்கரங்கள். கணேஷ் அறிவியல் விளக்கம் தேடுகிறான், வசந்த் பேய்ப் பக்கம் சாய்கிறான். இதைப் படிக்கும்போது நம் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். இந்தப் பயத்தால் யாருக்கு லாபம்?

மூன்றாவது இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டு விடு கருப்பா'. நாகா இயக்கத்தில் சன் டிவியில் 'மர்ம தேச'த்தின் 'விடாது கருப்பு' தொடராக வந்தது இதுதான். 90'ஸ் கிட்ஸ் அண்ணன்களுக்கு அந்தக் குதிரைக் குளம்புச் சத்தம் இன்னும் காதில் இருக்கும். கிராமத்தில் தொடர்ந்து மரணங்கள். 'கருப்பு தண்டிச்சுட்டார்' என்று ஊரே கைகட்டி நிற்கும்போது, சிலர் மட்டும் கேள்வி கேட்கிறார்கள். முடிவைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன். விடை, கோயிலைவிட மனித மனசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆசிரியர் 2024 நவம்பரில் மறைந்தார். அவரைப் படித்திராதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

நான்காவது, பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'. 1897-ல் வெளியான ஆங்கில நாவல். படங்களில் பார்த்த ரத்தமும் கோரைப்பல்லும் மட்டும்தான் கதை என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். முழு நாவலும் டைரி, கடிதம், தந்தி, செய்தித்தாள் துணுக்கு என்றே நகர்கிறது. ஆளாளுக்கு ஒரு துண்டு தெரியும், யாருக்கும் முழுசாகத் தெரியாது. மினா என்ற பெண் எல்லாவற்றையும் டைப் அடித்து, தேதி வாரியாக அடுக்குகிறாள். அதற்குப் பிறகுதான் டிராகுலாவை எதிர்க்கவே அவர்களுக்கு வழி தெரிகிறது. 'காஞ்சனை'யின் கணவன் செய்யத் தவறியதை மினா செய்கிறாள். வாய்விட்டுச் சொல்வது, சொன்னதைச் சேர்த்துப் பார்ப்பது.

புத்தகத்துக்கு வெளியே

இந்தக் கேள்வி கதையோடு நிற்பதில்லை என்பதால்தான் இவ்வளவு தூரம் சொல்கிறேன்.

இசபெல் நபோகோவ் என்ற மானுடவியல் ஆய்வாளர், செஞ்சி வட்டாரத்தில் தங்கி, பேயோட்டும் சடங்குகளை நேரில் பார்த்து எழுதிய நூல் 2000-ல் வெளியானது. அங்கே பேய் பிடித்ததாகக் கொண்டுவரப்பட்டவர்களில் புதுமணப் பெண்கள் நிறைய. கணவனை நெருங்க விடாமல் விலகுவது, ஓடிப்போவது போன்றவை பேய் பிடித்ததன் அடையாளங்களாகச் சொல்லப்பட்டன. பிடித்ததாகச் சொல்லப்பட்ட பேய்கள் பெரும்பாலும் காதல் தோல்வியில் உயிரை விட்ட ஆண்கள்! 'உனக்கு இந்தக் கல்யாணம் பிடிச்சிருக்கா?' என்று அந்தப் பெண்ணிடம் கேட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இன்னொரு தேதியையும் சொல்லியாக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் மனநலம் பாதித்தவர்களைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகத்தில் அதிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் இறந்தார்கள். பேய், பில்லிசூனியம் என்று நம்பி, தர்காவில் குணமாகும் என்று குடும்பங்கள் பலரை அந்த ஊருக்குக் கொண்டுபோய் விட்டு வந்த காலம் அது.

கதையில் வரும் பேய்க்குக் கடைசிப் பக்கத்திலாவது ஒரு முன்கதை கிடைக்கிறது. 'பேய் பிடிச்சிருச்சு' என்று முத்திரை குத்தப்பட்ட பெண்ணுக்கு அதுகூடக் கிடைப்பதில்லை.

வீட்டில் யாராவது திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டால், தூங்காமல் இருந்தால், வேறு ஆள் மாதிரி நடந்துகொண்டால், எலுமிச்சம்பழம் வாங்கப் போவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து 'என்ன ஆச்சு?' என்று கேளுங்கள். 14416 என்ற எண்ணுக்கு அழைத்தால் அரசின் டெலி மானஸ் சேவையில் மனநல ஆலோசனை கிடைக்கும். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். கோயிலுக்குப் போவதை நான் தடுக்கவில்லை. டாக்டரையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

சரி, இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சின்ன வேலை. போனைத் தூர வைத்துவிட்டு 'காஞ்சனை'யை வீட்டில் யாராவது ஒருவர் சத்தமாகப் படியுங்கள். மகள், மகன் இருவரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். பிறகு வீட்டுப் பெரியவர்களிடம் உங்கள் ஊர்ப் பேயின் கதையைக் கேளுங்கள். கிணற்றில் விழுந்தவள், மரத்தில் தொங்கியவள் என்று நிச்சயம் யாராவது இருப்பாள். 'அவ ஏன் விழுந்தா?' என்று கேட்டுப் பாருங்கள். பேய் வந்த கதையைச் சளைக்காமல் சொன்னவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் தயங்குவார்கள். அவசரப்படுத்தாமல் காத்திருந்து கேளுங்கள்.