டி.சி. கொடுத்துவிட்டால் தீர்ந்ததா?

தொண்டாமுத்தூர்க் கடைவீதியில் காலை ஏழு மணிக்கு டீக்கடைப் பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டால், உலகத்து விவகாரங்கள் எல்லாம் ஒரு கிளாஸ் டீ ஆறுவதற்குள் தீர்ப்பாகிவிடும். சென்ற வாரம் அங்கே விசாரணைக்கு வந்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ஒழுங்கீனம்.

"ஏனுங்க, நாங்க படிக்கிறப்ப வாத்தியார் எதிர்க்க வந்தா சந்துக்குள்ள பூந்துக்குவோம். இப்ப வாத்தியார்தானுங்க சந்துக்குள்ள பூந்துக்கறாரு!" என்றார் பாக்குத் தோப்புக்காரரான ஒரு பெரியவர். எல்லாரும் சிரித்தார்கள். "அடிக்கவும் கூடாதுன்னுட்டாங்க. அப்புறம் டி.சி.யைக் கிழிச்சுக் கையில குடுத்து அனுப்ப வேண்டியதுதானுங்களே" என்று அவரே தீர்ப்பையும் சொல்லி முடித்தார்.

பெஞ்சு ஏகமனதாக ஒப்புக்கொண்டது. எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அங்கேயே வாதாடத் தைரியம் போதாததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பிரம்பு விஷயம். அந்தக் காலத்து ஆசிரியர் இஷ்டம்போல் அடிக்கலாம் என்று சட்டம் இருந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நம் மாநிலக் கல்வி விதிகளில் 51-ஆவது விதி, வேண்டுமென்றே பொய் சொல்லுதல், ஆபாசமான பேச்சு அல்லது செய்கை, அப்பட்டமான கீழ்ப்படியாமை போன்ற குற்றங்களுக்கு மட்டுமே அடியை அனுமதித்தது. அதுவும் உள்ளங்கையில் ஆறு அடிக்கு மேல் போகக் கூடாது. தலைமையாசிரியர் அடிக்க வேண்டும், அல்லது அவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும். கணக்குத் தப்பியதற்காக முதுகில் வாங்கிக் கட்டிக்கொண்ட நம் தலைமுறைக்கு இப்படி ஒரு விதி இருந்ததே தெரியாது! 2003-இல் அந்த ஆறடியும் நீக்கப்பட்டது. 2010-இல் அமுலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடுத்தது. போன பிரம்பு போனதுதான். அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடத் தயாராக இல்லை.

ஆனால் ஆசிரியர்களின் பயம் பொய்யல்ல. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஆசிரியையை வகுப்பிலேயே குத்திக் கொன்றதை யார் மறக்க முடியும்? 2022-இல் மாணவர்கள் ஆசிரியர்களை எதிர்த்துக் கையோங்கும் காட்சிகள் ஊரெங்கும் செல்போன்களில் ஓடின. அந்த ஆண்டு மே மாதம் கல்வி அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி சட்டசபையில், அத்துமீறும் மாணவர்கள் பள்ளியிலிருந்து நிரந்தரமாக நீக்கப்படுவார்கள், நீக்கிய காரணம் சான்றிதழிலும் எழுதப்படும் என்று அறிவித்தார். கேட்டவர்கள் கை தட்டினார்கள். தட்டிய கைகளில் ஆசிரியர் கைகளும் இருந்தன. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

எனினும், அந்தப் பையன் எங்கே போவான்?

எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டம். அரும்பு மீசை முளைத்து, ரத்தம் சூடேறி, தப்புத் தண்டா ஆரம்பிப்பதோ ஒன்பதாம் வகுப்பில்! குடை தேவைப்படும் இடத்தில் குடை மடங்கிவிடுகிறது. இன்னொரு வேடிக்கை: 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, பதினான்கு வயது முடிந்தவனை அபாயமில்லாத வேலைக்கு வைத்துக்கொள்ளத் தடையில்லை. பள்ளிக்கூடம் கதவைச் சாத்துகிற அதே வயதில் பாக்கு உரிக்கும் களமும் காய்கறி லோடு வண்டியும் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. நகரத்துப் பையனுக்கு அடுத்த தெருவில் இன்னொரு பள்ளி உண்டு. சிறுவாணி மலையடிவாரப் பதிகளிலிருந்து பஸ் பிடித்து வந்து, வீட்டிலேயே முதல் ஆளாகப் பத்தாம் வகுப்பைத் தொட்டவனுக்கு அடுத்த பள்ளி எத்தனை மைல்? அங்கே போனாலும் சான்றிதழைப் புரட்டிப் பார்த்ததும் "இடமில்லை" என்பார்கள்.

நம் மாற்றுச் சான்றிதழில் "மாணவரின் நடத்தையும் பண்பும்" என்று ஒரு கட்டம் உண்டு. உத்தமனுக்கும் "நன்று", ஓட்டைப் பிரித்து இறங்கியவனுக்கும் "நன்று" என்று எழுதிக் கொடுத்து வந்த தலைமையாசிரியர்களை நாம் கேலி செய்திருக்கிறோம். இப்போது யோசித்தால், அது சோம்பல் அல்ல, கருணை என்று தோன்றுகிறது. கட்டணப் பாக்கியைக் கூட மாற்றுச் சான்றிதழில் குறிக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணப் பாக்கிக்கே அந்த மரியாதை என்றால், பதினைந்து வயதுக் கோபத்தை ஆயுள் முழுதும் தூக்கித் திரி என்பது எந்த ஊர் நியாயம்?

கத்தி எடுத்தவன் விஷயம் வேறு. அது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி குழுமம் விசாரிக்க வேண்டியது. தலைமையாசிரியர் தலையில் கட்டக் கூடாது. நான் பேசுவது கெட்ட வார்த்தை பேசினவன், மேஜையை உடைத்தவன், வகுப்புக்கு மட்டம் போட்டு நொய்யல் கரையில் சுற்றினவன் பற்றி. மட்டம் போட்டவனை மூன்று நாள் சஸ்பெண்டு செய்வது போன்ற அசட்டுத்தனம் வேறில்லை. அவன் கேட்டதும் அதைத்தானே! கக்கூஸ் கழுவச் சொல்வது அதைவிடக் கேடு. அது தண்டனை அல்ல, இழிவு. எந்தத் தெருப் பிள்ளையைப் பார்த்து அப்படிச் சொல்கிறார்கள் என்பதும் ஊருக்குத் தெரியும். உடைத்த மேஜையை ஆசாரியோடு கூட இருந்து சேர்த்துக் கொடுக்கட்டும்; திட்டிய ஆசிரியரிடம், வகுப்பெதிரே அல்ல, தனியே வந்து மன்னிப்புக் கேட்கட்டும்.

அதற்கும் முன்னால், அவன் பேச்சைக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து மாணவர்கள் சிலரை விசாரணையின்றிப் பள்ளியிலிருந்து நிறுத்தி வைத்த வழக்கில், 1975-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பத்து நாள் நிறுத்தத்துக்குக்கூட, என்ன குற்றம் என்று சொல்லி மாணவனின் பதிலையும் கேட்டாக வேண்டும் என்றது. இங்கே தகப்பனாரைக் கூப்பிட்டனுப்புகிறோம். கூலி வேலையை விட்டுவிட்டு, கைகட்டிக்கொண்டு, வராந்தாவில் பாதி நாள் அவர் நிற்கிறார். தண்டனை அவருக்குத்தான், பையன் வாய் திறப்பதே இல்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தாம். சத்துணவையும் சுற்றுச்சுவரையும் பேசுகிற அந்தக் கூட்டத்தில் இதையும் பேசத் தடையென்ன? நம் பள்ளியில் எது குற்றம், எதற்கு என்ன தண்டனை, யார் விசாரிப்பது என்பதெல்லாம் எங்கே எழுதி ஒட்டியிருக்கிறது என்று அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் கேட்டுப் பார்க்கட்டும். டீக்கடைப் பெரியவரின் பேரனும் வருகிற ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறானாம்.