முத்துவுக்குத் துணை வேண்டுமா?

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொல்லிக்கொண்டேதான் 12 ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீவக வீட்டுக்குள் ஓர் ஆமையை அனுமதித்தார் என் மாமியார். ஏழு வயதுப் பேரன் அழுதுகொண்டு நிற்கும்போது பழமொழியாவது ஒன்றாவது! ஒரு வெள்ளிக் காசைவிடச் சற்றே பெரிதாக, கண்ணுக்குப் பின்னால் குங்குமக் கோடு போட்டதுபோல் இருந்த அதற்கு முத்து என்று பெயர் வைத்தான் என் மகன்.

சென்ற ஆண்டு அவன் தேசிய சேவைக்குப் போனான். முத்து எங்களிடம் தங்கிவிட்டது.

அவன் போன சில மாதங்களில் முத்து மந்தமாகிவிட்டது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டாலே கண்ணாடியை முட்டிக்கொண்டு வரும் பிராணி, ஒரு மூலையில் கிடந்தது. போட்ட தீனி மிதந்தது. தினமும் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரும் அத்தைக்கு மனது கேட்கவில்லை. “ஏம்மா, பிள்ளை போன ஏக்கம் அதுக்கு. ஒத்தையாக் கெடக்குது பாரு. ஒரு துணை வாங்கிப் போடேன்.”

எனக்கும் அது சரியென்றே பட்டது. மகன் இல்லாத வீட்டில் நானும் அப்படித்தானே கிடந்தேன்.

அந்த ஞாயிறு ஒரு கடையிலிருந்து நாலு அங்குல ஆமை ஒன்றை வாங்கி வந்தேன். நேராகத் தொட்டியில் விட்டேன். மறுநாள் காலையில் விளக்குக்குக் கீழே இருந்த கல்லில், முத்துவின் முதுகில் குட்டி ஏறிப் படுத்திருந்தது. படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். இதயங்களாக வந்து குவிந்தன. “பாத்தியா, நான் சொன்னேன்ல” என்றார் அத்தை.

ஐந்தாம் நாள் குட்டியின் வால் நுனி இல்லை. தண்ணீரில் ரத்தம். குட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தியது. மூக்கில் குமிழி விட்டது.

இரண்டையும் இரண்டு வாளிகளில் வைத்துக்கொண்டு ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். நாய், பூனை பார்க்கும் எல்லா மருந்தகங்களிலும் ஆமை பார்ப்பதில்லை. ஆமை வைத்திருப்பவர்கள், அது நலமாக இருக்கும்போதே யாரிடம் போவது என்று விசாரித்து வைப்பது நல்லது.

மருத்துவர் முதலில் பார்த்தது குட்டியை. நுரையீரல் தொற்று. காய்ந்து, சூடேறி உட்கார இடம் கிடைக்காத ஆமைக்கு வரக்கூடியதுதான். முதுகில் ஏறிப் படுத்ததை நாங்கள் பாசம் என்று நினைத்தோமே, அது இடத்துக்கான போட்டி. ஒரே கல், ஒரே விளக்கு. பெரியது நகர மறுத்தது, சின்னது மேலே ஏறியது. சில நாளில் அந்த இடமும் அதற்குக் கிடைக்கவில்லை.

சிவப்புக்காது ஆமைகள் கூட்டமாக வெயில் காயும். குளத்தங்கரையில் ஒரே கட்டையில் வரிசையாகப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவை குடும்பமாக வாழ்வதில்லை. தாய் முட்டையிட்டு மண்ணை மூடிவிட்டுப் போனால் திரும்பிப் பார்ப்பதில்லை. குஞ்சு முதல் நாளிலிருந்தே தனி. குளத்தில் பிடிக்காதவனை விட்டு நீந்திப் போய்விடலாம். மூன்றடித் தொட்டியில் எங்கே போவது? ஆணையும் பெண்ணையும் சேர்த்தால் இன்னும் தொல்லை. ஆண் தன் நீண்ட முன்நகங்களைப் பெண்ணின் முகத்துக்கு முன்னால் படபடவென்று ஆட்டியபடி ஓயாமல் துரத்தும்.

பிறகு முத்துவைத் தூக்கினார். வால் சிறிது, முன்நகம் குட்டை, ஓடு ஒன்பது அங்குலம். பெண் என்றார். 12 ஆண்டுகளாக “வாடா முத்து” என்று அழைத்து வந்திருக்கிறோம். அடுத்து ஓட்டின் விளிம்பை விரலால் அழுத்தினார். லேசாக அமுங்கியது. என் வயிற்றில் ஏதோ செய்தது.

வீட்டில் ஆமைக்கு விளக்கு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, நன்றாக எரிகிறது என்றேன். எப்போது வாங்கியது? மகன் உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது.

எனக்குத் தெரியாமல் போனது இதுதான். ஆமையின் ஓடு சட்டை போல மாட்டிக்கொண்டது அல்ல. அதன் முதுகெலும்பும் விலாவும் சேர்ந்து உருவானது. அதற்குக் கால்சியம் வேண்டும். கால்சியத்தை உடல் ஏற்க வைட்டமின் டி3 வேண்டும். அதை ஆமை தோலில் தயாரிக்க புற ஊதாக் கதிர்களில் ‘யுவிபி’ எனப்படும் வகை வேண்டும். அந்த விளக்குகளில் வெளிச்சம் குறையாமல் இருக்கும்போதே யுவிபி தீர்ந்துவிடும். வகையைப் பொறுத்து ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை மாற்ற வேண்டுமாம். நாங்கள் வெறும் மேசை விளக்கைத்தான் எரித்துக்கொண்டிருந்தோம். சன்னலோரம்தானே தொட்டி இருக்கிறது என்று கேட்காதீர்கள். கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும்.

அப்படியானால் இத்தனை நாள் எப்படி நன்றாக இருந்தது? மகனுக்குத் தொலைபேசியில் சொன்னபோதுதான் விடை கிடைத்தது. “அம்மா, நான் காலைல காரிடோர்ல வெயில்ல வைப்பேனே, யாரும் வைக்கலியா?”

யாரும் வைக்கவில்லை. அவன் போனதில் முத்து இழந்தது அந்த வெயிலை.

சாப்பாட்டிலும் தவறு இருந்தது. முத்துவுக்குப் பிடிக்கும் என்று காய்ந்த இறாலையே போட்டு வந்தேன். அது நமக்கு முறுக்கு மாதிரி. வளர்ந்த ஆமைக்கு அதற்கென்று செய்த உருண்டைத் தீனி, அதன் தலையளவு, ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். மற்றபடி கீரைவகை. இப்போது ஈரச்சந்தையில் எங்களுக்கு வாங்கும் கங்கோங்கிலிருந்து நாலு இலை முத்துவுக்கு. பசலைக் கீரையை மட்டும் தவிர்க்கிறேன். கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள் அதில் அதிகம். கணவாய் ஓட்டில் ஒரு துண்டை மிதக்க விடுகிறேன், விரும்பியபோது கடித்துக்கொள்கிறது. தண்ணீருக்குள் போட்டால்தான் சாப்பிடும், தரையில் விழுங்கத் தெரியாது.

தொட்டியைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஓட்டின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறக்குறைய 40 லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. முத்துவுக்கு 360 லிட்டர். எங்கள் தொட்டியில் பிடித்தது 120. அவ்வளவு பெரிய கண்ணாடித் தொட்டிக்குக் கூடத்தில் இடமில்லை. அதனால் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வாங்கினோம். அழகில்லை, ஆனால் முத்து இப்போது திரும்பி நீந்துகிறது. பழைய தொட்டியில் அதற்குத் திரும்பக்கூட இடமில்லாமல் இருந்ததை நான் கவனித்ததே இல்லை.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆமை பார்க்க நலமாக இருந்தாலும் அதன் மேல் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் நாலு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க 1975லேயே தடை போட்டதற்குக் காரணம், சிறுவர்கள் அவற்றை வாயில் வைத்துவிடுகிறார்கள் என்பதே. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டக்கூடாது. நான் பல ஆண்டுகள் கொட்டியிருக்கிறேன்.

இனி குட்டி. மருந்து முடிந்து தேறியதும் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. “மெக்ரிச்சில விட்டுடலாமே, அங்க நிறைய இருக்கு” என்றார் கணவர். நிறைய இருப்பதுதான் பிரச்சினை. இந்த ஆமையின் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இதன் பெயர் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997லேயே இறக்குமதியை நிறுத்திவிட்டது. இங்கே விட்டால் உள்ளூர் ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடுங்கும். அல்லது தானே பட்டினியில் சாகும். அனுமதியின்றி விடுவது சட்டப்படி குற்றமும்கூட. விசாக தினம் நெருங்கும்போதெல்லாம் தேசியப் பூங்காக் கழகம் இதை நினைவூட்டுகிறது. புண்ணியம் என்று நினைத்துச் செய்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்க அனுமதியுள்ள ஆமைகள் இரண்டே வகை: இந்தச் சிவப்புக்காது ஆமை, மலாயன் பாக்ஸ் ஆமை. நட்சத்திர ஆமை அழகாக இருக்கிறது என்று யாராவது இணையத்தில் விற்றால் தொடாதீர்கள். சட்டப்படி வாங்கக் கூடியதையும், 30 ஆண்டுகள் வரை வாழக்கூடியது என்று தெரிந்து வாங்குங்கள். நான் ஐந்து நிமிடத்தில் வாங்கிவிட்டேன்.

செங்காங்கில் இருக்கும் என் நாத்தனார் குட்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். விளக்கும் தொட்டியும் தயாரானால்தான் தருவேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் கோபம். அதுவரை முத்துவின் பழைய தொட்டியில், அதைப் பார்க்க முடியாத இடத்தில் குட்டி இருக்கிறது. வால் இனி வளராது.

காலை எட்டரை மணிக்கு அத்தை முத்துவை ஒரு பேசினில் வைத்துக் காரிடோருக்குக் கொண்டுபோகிறார். பாதி வெயில், பாதி நிழல், 20 நிமிடம். சூடு தாங்காமல் போனால் ஒதுங்க நிழல் இல்லையென்றால் செத்துவிடும் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து, தன் நிழலே அதன் மேல் விழுமாறு குடை பிடித்து உட்காருகிறார். போன மாதம் மருத்துவர் அழுத்திப் பார்த்தபோது ஓடு சற்று இறுகியிருந்தது. எதிர்வீட்டு சீனப் பாட்டியும் இப்போது நாற்காலியோடு வந்துவிடுகிறார். இவருக்கு மாண்டரின் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். முத்து கழுத்தை நீட்டிக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறது.