இரைச்சலுக்குள் ஒரு கச்சேரி

இப்பகுதியில் இதுகாறும் நாகஸ்வரத்தையும் வீணையையும் வாய்ப்பாட்டையும் பற்றியே எழுதி வந்தோம். இம்மாதம் மேனாட்டார் 'ஹார்ட் ராக்' என்று வழங்கும் சங்கீதத்தின் பக்கம் திரும்புகிறோம். நேயர்களில் சிலர் புருவத்தை நெரிக்கக் கூடும். ஆயினும் நமது இல்லங்களில் மாலை வேளைகளில் எந்த அறையின் கதவு எதன் பொருட்டு ஓங்கிச் சாத்தப்படுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இவ்விஷயத்தைப் பேசாமல் விடுவது நியாயமாகத் தோன்றவில்லை. கூடத்தில் இருப்பவர், "இது சங்கீதமா, தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழையா?" என்கிறார். அறைக்குள் இருப்பவர், "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டுகிறார். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே தட்டைக் கேட்க வழி உண்டா? உண்டு என்பது நமது அபிப்பிராயம். அதற்கு டீப் பர்ப்பிள் என்னும் ஆங்கிலேயக் குழுவினரின் தட்டுகளைக் காட்டிலும் ஏற்றவை வேறில்லை.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைப் போக்கிவிடுவோம். இது இக்காலத்துப் பிள்ளைகளின் சங்கீதம் அன்று. சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்த அதே 1968ஆம் ஆண்டில் இக்குழு தோன்றிற்று. கிதார் வாசித்த ரிட்சி பிளாக்மோரும், பாடகர் இயன் கில்லனும் 1945இல் பிறந்தவர்கள். ஆர்கன் வாசித்த ஜான் லார்ட் 1941இல் பிறந்தவர். பேரன் கேட்கும் பாட்டைப் பாடினவர் தாத்தாவின் வயதினர்! செகந்திராபாத்தில் லாலாகுடா, மெட்டுகுடா பக்கத்து ரயில்வே குடியிருப்புகளில், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு அண்டை வீட்டாராக வளர்ந்த தமிழர்கள் இன்று தாத்தாக்களாக இருக்கிறார்கள். 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டின் தொடக்கத்தை அவர்கள் காதில் விழும்படி சற்றே முனகிப் பாருங்கள். கதவைச் சாத்தச் சொன்னவரே தாளம் போட்டாலும் போடுவார்.

சத்தத்தைப் பற்றிய புகார் முற்றிலும் நியாயமானதே. 1972இல் லண்டன் ரெயின்போ அரங்கில் 117 டெசிபல் அளவுக்கு முழங்கி, உலகிலேயே மிகச் சத்தமான குழு என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றவர்கள் இவர்கள். ஆனால் அந்தச் சத்தத்திற்குள் ஒரு சம்வாதம் நடக்கிறது. பாடகர் ஒரு சங்கதியைப் போட, பிடிலார் அதை வாங்கித் திருப்பித் தருவதை நாம் காலங்காலமாக ரசித்து வந்திருக்கிறோம் அல்லவா? இங்கே அந்தப் போட்டி கிதாருக்கும் ஆர்கனுக்கும் நடக்கிறது. அதைக் காது பிடித்துக் கொண்டுவிட்டால் மற்றவை தாமே விளங்கும். இக்குழுவின் தட்டுகளில் எது உயர்வு, எது தாழ்வு என்பதற்கும் நாம் கொள்ளும் அளவுகோல் இந்தச் சம்வாதமே.

லார்ட் வாசித்த ஹாமண்ட் ஆர்கன் நமது ஆர்மோனியத்தைப் போன்றதன்று. அதில் துருத்தியும் இல்லை, காற்றும் இல்லை. உள்ளே மின்மோட்டாரால் பற்சக்கரங்கள் சுழல்கின்றன. ஒவ்வொன்றின் அருகிலும் கம்பி சுற்றிய ஒரு காந்தம் இருக்கிறது. சக்கரத்தின் பற்கள் அக்காந்தத்தைக் கடக்கும் வேகமே சுருதியாகிறது. அமெரிக்காவில் மாதா கோயில்களுக்காக விற்கப்பட்ட இச்சாதுவான வாத்தியத்தை, லார்ட் கிதாருக்குரிய ஒலிபெருக்கியில் இணைத்து உறுமச் செய்தார். ஆகவே பல இடங்களில் கேட்பது கிதாரா ஆர்கனா என்ற மயக்கம் புதிதாகக் கேட்போருக்கு ஏற்படும்.

முதல் மூன்று தட்டுகளில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. 1968இலும் 1969இலும் வந்த அவற்றில் ராட் எவன்ஸ் பாடினார். 'ஹஷ்' என்ற பாட்டு அமெரிக்காவில் நன்றாக ஓடிற்று. கெட்டிக்காரப் பிள்ளைகள் பலருடைய பாணியையும் பழகிப் பார்க்கிறார்கள் என்ற எண்ணமே உண்டாகிறது. 1969இல் இயன் கில்லனும், பேஸ் கிதார் வாசிக்கும் ரோஜர் குளோவரும் சேர்ந்த பிறகுதான் குழுவுக்குச் சொந்த முகம் வந்தது.

அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில், லார்ட் இயற்றிய 'கன்சர்ட்டோ ஃபார் குரூப் அண்ட் ஆர்க்கெஸ்ட்ரா' என்னும் உருப்படியை ராயல் ஃபில்ஹார்மானிக் வாத்தியக் குழுவுடன் சேர்ந்து வாசித்தார்கள். நடத்தியவர் மால்கம் ஆர்னால்ட். பிற்பாடு அதன் சுரக்குறிப்புப் பிரதி காணாமற் போயிற்று. மார்க்கோ டி குய் என்ற டச்சு இளைஞர், பழைய பதிவைக் கேட்டுக் கேட்டே முழுவதையும் மறுபடி எழுதித் தர, 1999இல் அதே அரங்கில் மீண்டும் அரங்கேறிற்று. குரு பாடியதைச் சீடன் காதால் வாங்கிக் காப்பாற்றும் நம்மவருக்கு அந்த இளைஞரின் உழைப்பு நன்றாகவே விளங்கும். தட்டு எப்படி என்று கேட்டால், இரு தரப்பாரும் மாறி மாறி மரியாதையாகக் காத்திருப்பதுபோல் இருக்கிறது. மரியாதை மிகுந்தால் சம்வாதம் சூடு பிடிப்பதில்லை.

சூடு பிடித்தது 1970இல் வந்த 'இன் ராக்' தட்டில். அதில் 'சைல்ட் இன் டைம்' என்ற பாட்டு பத்து நிமிஷம் நீள்கிறது. ஆர்கன் மெல்லத் தொடங்கி இரண்டு மூன்று சுரங்களைச் சுற்றி வருகிறது; கில்லன் வார்த்தைகளை விட்டுவிட்டு வெறும் குரலாகவே படிப்படியாக மேலேறித் தார ஸ்தாயியில் நின்று அலறுகிறார். சாகித்தியம் இல்லாமல் ஆலாபனை கேட்டுப் பழகிய நமக்கு இது அந்நியமாகத் தோன்ற வேண்டிய அவசியமில்லை. அந்த ஆர்கன் மெட்டு இவர்கள் சொந்தச் சரக்கன்று என்பது ஒரு வேடிக்கை. ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்து 'இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே' குழுவினர் 1969இல் வெளியிட்ட மெட்டு அது. அதன் பெயர் 'பாம்பே காலிங்'! 1995 ஏப்ரலில் டீப் பர்ப்பிள் குழுவினர் பம்பாய்க்கே வந்து வாசித்தபோது, அக்கச்சேரியின் பதிவுக்கும் பிற்காலத்தில் அதே பெயர் வைக்கப்பட்டது.

1971இல் வந்த 'ஃபயர்பால்' கலவையான தட்டு. தலைப்புப் பாட்டின் தொடக்கத்தில் 'குப்' என்று கேட்கும் ஓசை வாத்தியமன்று. ஒலிப்பதிவு நிலையத்துக் குளிர்சாதன இயந்திரத்தை இயக்கிய ஓசை! அந்தப் பாட்டில் டிரம் வாசிக்கும் இயன் பெய்ஸின் கைகால் வேகத்துக்காகவே ஒரு முறை கேட்கலாம்.

அடுத்து 1972இன் 'மெஷின் ஹெட்'. இதன் வரலாறு பலருக்கும் தெரிந்ததே. 1971 டிசம்பர் 4ஆம் தேதி ஸ்விட்சர்லாந்தின் மான்ட்ரே நகரில், பிராங்க் ஸப்பாவின் கச்சேரி நடந்த காசினோவில் எவனோ ஒருவன் தீப்பொறித் துப்பாக்கியைச் சுட, கட்டடமே எரிந்து போயிற்று. மறுநாள் முதல் அங்கே ஒலிப்பதிவு செய்ய வந்திருந்தவர்கள் இவர்கள். ஏரியின் மேல் புகை பரவியதைக் கண்டதே பாட்டாயிற்று. பிறகு குளிர்காலத்திற்காக மூடிக் கிடந்த ஒரு பெரிய ஹோட்டலின் நடைகூடத்தில், மெத்தைகளைச் சாத்தி வைத்துக்கொண்டு பதிவை முடித்தார்கள்.

'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டின் மெட்டை நமது சுரங்களிலேயே சொல்லலாம். ச க ம. ச க என்று மீண்டும் ஏறி, பிரதி மத்திமத்தைத் தொட்டுச் சுத்த மத்திமத்திற்கு இறங்குகிறது. மறுபடி ச க ம. பின் க ச. காந்தாரம் சாதாரண காந்தாரம். இரண்டு மத்திமங்களும் அடுத்தடுத்து வரும் அந்த ஓர் இடந்தான் மெட்டின் உயிர். ஒவ்வொரு சுரத்துடனும் நாலாம் சுரத் தொலைவில் மற்றொரு சுரத்தையும் சேர்த்து பிளாக்மோர் மீட்டுகிறார். லார்ட் ஆர்கனில் உடன் சேர்கிறார். நம் வீட்டுச் சிறுமி வீணையில் ஐந்து நிமிஷத்தில் இதைப் பிடித்துவிடுவாள். இத்தட்டில் நமக்கு அதைவிடப் பிடித்தது 'ஹைவே ஸ்டார்'. அதில் முதலில் ஆர்கனும் பிறகு கிதாரும் தனித்தனியே ஓடிக் காட்டுகின்றன. ஜெர்மானிய மேதை பாஹின் பாணியை இருவரும் பாடம் பண்ணியவர்கள் என்பது அங்கே நன்கு தெரியும்.

இருந்தாலும் புதிதாகத் தொடங்குவோருக்கு நாம் சிபாரிசு செய்வது 'மேட் இன் ஜப்பான்'. நமது நாடு சுதந்திரத்தின் வெள்ளி விழாவைக் கொண்டாடிய 1972 ஆகஸ்டு 15 அன்றும், மறுநாளும் ஒஸாகாவிலும், 17ஆம் தேதி டோக்கியோவிலும் நடந்த கச்சேரிகளின் பதிவு அது. இரண்டு தட்டுகளில் மொத்தம் ஏழே பாட்டுகள். கச்சேரி மேடையில் வளர்ந்த சங்கீதத்தைக் கேட்டுப் பழகியவர்கள், அறைக்குள் பதிவானதை விட மேடைப் பதிவையே விரும்புவார்கள். 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்' பாட்டில் பிளாக்மோர் கிதாரில் ஒன்றைச் சொல்ல, கில்லன் குரலால் அதையே திருப்பிச் சொல்கிறார். இவர் கடினமாக்க, அவர் விடாமல் துரத்துகிறார். 'தி மியூல்' பாட்டில் பெய்ஸ் வாசிப்பது சாட்சாத் தனி ஆவர்த்தனமே. மிருதங்கம் கற்கும் பிள்ளைகளை இதைக் கேட்கச் செய்யுங்கள்.

மேடையில் துரத்திப் பிடித்த அவ்விருவரும் மேடைக்கு வெளியே முகம் கொடுத்துப் பேசாத நிலை வந்தது. 1973இல் வந்த 'ஹூ டு வீ திங்க் வீ ஆர்' தட்டில் அந்தச் சோர்வு தெரிகிறது. அவ்வாண்டு ஜூனில் கில்லனும் குளோவரும் விலகினர். துணிக்கடையில் விற்பனையாளராக இருந்த டேவிட் கவர்டேலைப் பாடகராகவும், கிளென் ஹியூஸைப் பேஸ் கிதாருக்கும் இரண்டாம் குரலுக்கும் சேர்த்துக் கொண்டு 1974இல் கொணர்ந்த 'பர்ன்' கம்பீரமான தட்டு. அதன் தலைப்புப் பாட்டில் சம்வாதம் மறுபடி தீப்பற்றுகிறது. அதே ஆண்டின் 'ஸ்டார்ம்பிரிங்கர்' அமெரிக்கக் கறுப்பர் இசையின் தாளக்கட்டுப் பக்கம் சாய்ந்தது. பிளாக்மோருக்கு அது ஒவ்வவில்லை, வெளியேறினார். டாமி போலினை வைத்து 1975இல் செய்த 'கம் டேஸ்ட் தி பேண்ட்' மோசமான தட்டன்று. வேறு பெயரில் வந்திருந்தால் ரசிகர்கள் இன்னும் தாராளமாக வரவேற்றிருப்பார்கள். 1976இல் குழு கலைந்தது.

நாடகக் கம்பெனிகளில் ராஜபார்ட் மாறினாலும் கம்பெனியின் பெயர் மாறாது. இங்கும் அப்படித்தான். 1968 முதல் எல்லாத் தட்டுகளிலும் இருப்பவர் பெய்ஸ் ஒருவரே. 1984இல் பழைய ஐவரும் கூடி 'பர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' கொடுத்தார்கள். தலைப்புப் பாட்டை ஆர்கன் தனியாகத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளுக்காகவே இதை வாங்கலாம். பின்னர் 1987, 1990, 1993ஆம் ஆண்டுகளில் வந்த மூன்றும் பூசலின் நிழலில் விளைந்தவை. தீவிர ரசிகர்களுக்கு விட்டுவிடுவோம். 1993இல் பிளாக்மோர் மறுபடி பிரிந்தார், திரும்பவில்லை. ஸ்டீவ் மோர்ஸ் என்னும் அமெரிக்கர் அவ்விடத்திற்கு வந்து, 1996இல் 'பர்ப்பெண்டிகுலர்' வெளியாயிற்று. அதில் சண்டை இல்லை, ஆனால் பேச்சு உண்டு.

ஹரியானாவின் கர்னால் நகரில் பிறந்த கல்பனா சாவ்லா, 2003இல் கொலம்பியா விண்கலத்தில் சென்றபோது 'மெஷின் ஹெட்', 'பர்ப்பெண்டிகுலர்' இரண்டையும் உடன் கொண்டு சென்றார். விண்ணிலிருந்தே அக்குழுவினருடன் கடிதப் போக்குவரத்தும் வைத்திருந்தார். பிப்ரவரி 1ஆம் தேதி அக்கலம் திரும்பும் வழியில் சிதறி, எழுவரும் மாண்டனர். மோர்ஸ் அந்தத் துயரத்தில் இயற்றிய 'கான்டாக்ட் லாஸ்ட்' அவ்வாண்டின் 'பனானாஸ்' தட்டின் கடைசியில் இருக்கிறது. பாட்டில்லை, வாத்தியம் மட்டும், ஒன்றரை நிமிஷம். அத்தட்டில் நாம் திரும்பத் திரும்பக் கேட்பது அது ஒன்றுதான்.

லார்ட் 2002இல் ஓய்வு பெற, டான் ஏரி ஆர்கனுக்கு வந்தார். 2012 ஜூலையில் லார்ட் காலமானார். அவர் நினைவைச் சுமந்து வந்த 2013ஆம் ஆண்டுத் தட்டான 'நவ் வாட்' பிற்காலத்தவற்றுள் சிறந்தது; குறிப்பாக 'அபவ் அண்ட் பியாண்ட்'. 2022இல் மோர்ஸுக்குப் பதிலாக சைமன் மெக்பிரைட் வந்தார். 2024இல் வந்த 23ஆவது தட்டுக்கு '=1' என்று கணக்குக் குறியையே பெயராக வைத்தார்கள். அதில் கிதாரும் ஆர்கனும் பழைய விறுவிறுப்போடு மல்லுக்கு நிற்கின்றன.

இன்று தட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை. யாவும் கைபேசியிலேயே கிடைக்கின்றன. ஆனால் கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் ஆர்கனின் கீழ்ச் சுரங்கள் கேளா. இரைச்சல் மட்டுமே மிஞ்சும். நல்ல ஒலிபெருக்கியில், நிதானமான அளவில் வையுங்கள். 'மேட் இன் ஜப்பான்' தட்டில் 'சைல்ட் இன் டைம்' பன்னிரண்டு நிமிஷம் ஓடும். கூடத்துக் கதவு திறந்திருக்கட்டும். பெரியவர் எழுந்து போவதானால் நடுவில் கிதார் வேகமெடுக்கும் இடத்தில்தான் எழுவார். அது அடங்கியதும் ஆர்கன் மறுபடி தணிந்து வருகிறது என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள்.