கொட்டகையில் கைதட்டினால் போதுமா?

"படம் எப்படி?" என்று நம்மவரைக் கேட்டுப் பாருங்கள். "பாட்டு பிரமாதம், சண்டை பரவாயில்லை, இடைவேளைக்குப் பிறகு இழுவை." இவ்வளவோடு தீர்ப்பு முடிந்துவிடும்! பட்டையை எவ்வளவு கனம் சீவியிருக்கிறான், கத்தி மரத்தில் காயம் செய்ததா இல்லையா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடும் கண்கள் நம் கண்கள். செக்ரோலில் ஒரு காசு பிசகினாலும் பிடித்துவிடும் கிராணி நண்பர்களும் நம்மில் உண்டு. இந்தக் கண்கள் வெள்ளித்திரைக்கு முன்னால் மட்டும் ஏன் உறங்க வேண்டும்? இதுதான் நமது கேள்வி.

உடனே சிலர் சீறுவார்கள்: "சினிமா பொழுதுபோக்குத்தானே ஐயா! இருட்டில் எழுந்து மரம் வெட்டி, பால் எடுத்து, காண்டா வாளி சுமந்தவன் இரண்டரை மணி நேரம் சிரித்துவிட்டுப் போகட்டுமே!" சிரிக்கட்டும், நாம் தடுக்கவில்லை. சினிமாவே ஆகாது என்று உபதேசம் செய்யும் கூட்டத்தில் நாம் இல்லை. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில் பாய் விரித்து இடம் பிடித்த பரம்பரைதான் நாம். ஆனால் நம் வாழ்வையே ஒருவர் படமாக எடுக்கும்போது, நாம் அங்கே சாட்சிகளும் ஆகிறோம். சாட்சி வாய்மூடி இருக்கலாமா?

கபாலி சொன்னதும் விட்டதும்

2016 ஜூலையில் பா. இரஞ்சித்தின் 'கபாலி' வந்தது. ரஜினிகாந்த் மலேசியத் தமிழராக நடித்தார். தோட்டத் தொழிலாளி சம ஊதியம் கேட்கிறான் என்று அத்தனை பெரிய நட்சத்திரத்தின் படத்தில் காட்டியது துணிச்சலான காரியம். அதை மனமாரப் பாராட்டுகிறோம்.

பிறகு நடப்பது என்ன? ஊதியம் கேட்டவன் கோட்டு சூட்டு மாட்டிய கும்பல் தலைவன் ஆகிறான். கோரிக்கை மறைகிறது, துப்பாக்கி பேசுகிறது. கூட நின்ற தொழிலாளர்கள் எங்கே போனார்கள் என்று எவராவது கேட்டோமா? விசில் அடித்தோம்!

சரித்திரத்தைப் புரட்டுங்கள். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் கத்தியைக் கீழே வைத்தார்கள். சீனத் தொழிலாளருக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். கள்ளுக்கடையை மூடு, எங்கள் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்து, பிள்ளைகளுக்குக் கல்வி கொடு என்றார்கள். துரைமார் முன்னும் தோட்ட உத்தியோகஸ்தர் முன்னும் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்றும் சொன்னார்கள். அவர்களுக்குத் துணை நின்ற ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரும் போயிற்று.

அங்கே தனி ஒரு வீரன் பத்துப் பேரைப் பந்தாடவில்லை. பெயர் தெரியாத ஆயிரம் பேர் ஒன்றாக நின்றார்கள். சைக்கிளிலிருந்து இறங்க மறுத்த அந்த மனிதனை விடவா கண்ணாடி மாட்டிய கதாநாயகன் பெரியவன்?

மலேசியாவில் ஓடிய பிரதியில், கடைசியில் கபாலி போலீசில் சரணடைந்ததாக எழுத்துப் போட்டார்கள். கும்பல் தலைவன் தப்பிவிடக் கூடாதே என்ற கவலை! நல்ல கவலைதான். நாதனின் கதை தப்பிப்போனதே என்ற கவலை மட்டும் எவருக்கும் வரவில்லை. படம் பார்த்த நமக்கும் வரவில்லை.

மருத்துவரை ஆட வைத்தார்கள்

2013-ல் வந்த பாலாவின் 'பரதேசி'யைப் பாருங்கள். கங்காணியின் ஆசை வார்த்தை, முன்பணம், வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் மிஞ்சும் கடன்: பார்த்தவர் நெஞ்சு பதறியது. அது தமிழகத்துத் தேயிலை மலை. நம்முடையது மலாயாவின் பால்மரக் காடு. ஆனால் நம் முன்னோரை இங்கே கொண்டுவந்ததும் கங்காணிதானே! அந்தக் கண்ணீர் நமக்கு அந்நியமல்ல.

ஆயினும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். அந்தப் படத்துக்கு மூலம் பி. எச். டேனியல் எழுதிய 'ரெட் டீ' என்னும் நாவல். தமிழில் 'எரியும் பனிக்காடு'. டேனியல் அந்தத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். தொழிலாளருக்குச் சங்கம் அமைக்கப் பாடுபட்டவர். நாவலில் வரும் மருத்துவரும் கூலிகளின் பக்கம் நிற்பவர். படத்திலோ மருத்துவர் பாட்டுப் பாடி, ஆட்டம் ஆடி, மதம் பரப்ப வருகிறார்! அழுகையை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து மீளும் வழியை விட்டுவிட்டார்கள். தொழிலாளி அழுதால் படம் ஓடும். கூடிப் பேசினால் ஓடாதோ?

நம் பிள்ளைகள் எடுத்த படங்கள்

இந்த மண்ணிலும் படம் எடுக்கிறார்கள். தீபக் குமரன் மேனன் 2005-ல் எடுத்த 'செம்மண் சாலை' 1960-களின் ரப்பர் தோட்டத்துக் குடும்பத்தின் கதை. படிக்கத் துடிக்கும் ஒரு பெண்ணின் கதை. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015 டிசம்பரில் வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு என்ன நேர்ந்தது, படிக்க வேண்டிய பையன் எப்படிக் கும்பலின் மிடுக்கில் மயங்குகிறான் என்பதை மினுக்கு இல்லாமல் காட்டுகிறது. கபாலியின் கோட்டு எப்படித் தைக்கப்படுகிறது என்று தெரிய வேண்டுமானால் ஜகாட்டைப் பார்க்க வேண்டும்!

2016-ல் மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத படங்களைத் தனி வரிசையில் ஒதுக்கப் பார்த்தபோது, மலாய்க் கலைஞர்களே எதிர்த்துக் குரல் கொடுத்தனர். அந்த விழாவில் ஜகாட் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வாயிற்று. நமக்காக மற்றவர் குரல் கொடுத்தார்கள். நாம் எத்தனை பேர் சீட்டு வாங்கினோம்? கபாலியின் முதல் காட்சிக்கு விடியுமுன் வரிசையில் நின்ற கால்கள் ஜகாட்டுக்கு ஏன் நடக்கவில்லை?

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மாமியார் சதி செய்கிறாள், மருமகள் அழுகிறாள். வீட்டில் எவரும் வேலைக்குப் போவதாகத் தெரியவில்லை. எந்தத் தொடரிலாவது சம்பளச் சீட்டைக் கண்டவர் இருந்தால் நமக்கு எழுதுங்கள்!

மூன்று கேள்விகள்

தோழர்களே! தாய்மார்களே! அடுத்த படத்துக்குத் தாராளமாகப் போங்கள். பாட்டை ரசியுங்கள், சண்டைக்குக் கைதட்டுங்கள். வீடு திரும்பும்போது மூன்று கேள்விகளைப் பேசிக்கொண்டு வாருங்கள். இந்தக் கதையில் உழைப்பவர் யார்? நியாயம் ஒருவன் கை முஷ்டியால் வந்ததா, பலர் ஒற்றுமையால் வந்ததா? யாருடைய பெயரை விட்டுவிட்டார்கள்?

பால்மரத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பல செம்பனைக்கு மாறின. பல வீடமைப்புப் பகுதிகள் ஆயின. லயங்கள் போன இடத்தில் நம் கதையும் போய்விடக் கூடாது. வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். நாளை ஒருவன் நம்மைப் பற்றித் தப்பாகப் படம் எடுத்தால், "இது பொய்" என்று எழுந்து சொல்ல நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.