வரலாற்றுக்குத் துணைப்பாடம் எது?

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் எங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் இன்ஜினியரிங், மெடிக்கல் தவிர வேறு பேச்சு கிடையாது. "நான் ஹிஸ்டரி படிக்கிறேன்" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி அமைதி. இந்த ஆண்டு தெரிந்தவர் ஒருவரின் மகள் அப்படிச் சொல்லியிருக்கிறாள். பெங்களூர் கிறிஸ்து பல்கலைக்கழகத்தில் வரலாற்றோடு பொருளாதாரம், அரசியல் என்று சேர்த்துப் படிக்க ஆசையாம். "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்னு சொல்வாங்களே சார்" என்று தகப்பனார் கவலைப்பட்டார்.

பழமொழி சரிதான். ஆனால் ஒரே மரத்தை வெட்டுவதற்கும் தச்சனுக்கு உளி, வாள், இழைப்புளி எல்லாம் வேண்டுமே!

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுப் பள்ளி முறையில் வரலாறும் புவியியலும் ஒரே பாடம், ஒரே ஆசிரியர். போர் நடந்த இடத்தை வரைபடத்தில் காட்டாமல் போரைப் பற்றிப் பேச முடியாது. 1929-இல் மார்க் பிளாக், லூசியன் ஃபெவ்ர் என்ற இரு பிரெஞ்சுப் பேராசிரியர்கள் 'அனால்' இதழைத் தொடங்கியபோது, பொருளாதாரம், சமூகவியல், புவியியல் எல்லாவற்றையும் வரலாற்று ஆசிரியனின் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். ராஜாக்களின் பட்டியலாக இருந்த பாடம், உழவனின் கலப்பையைப் பற்றியும் வயலின் வடிவத்தைப் பற்றியும் பேச ஆரம்பித்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் நெய்வேலியின் வரலாற்றை எழுத ஒரு மாணவி உட்கார்ந்தால் என்னவெல்லாம் தெரிய வேண்டும்? பழுப்பு நிலக்கரி இங்கே ஏன் கிடைக்கிறது என்பது நிலவியல். கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கம் நிலைக்கும், அது நீரியல். 1956-இல் நிறுவனம் உருவானதும், அனல்மின் நிலையத்துக்கு சோவியத் நாடு கைகொடுத்ததும், மண் வெட்டும் ராட்சத இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்ததும் பனிப்போர்க் கால உலக அரசியல். கிராமத்து நிலங்கள் கையகமானது 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. ஊரை விட்டுப் போனவர்களின் நினைவுகள் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்கத் தெரிய வேண்டும். இதில் ஒன்றை விட்டாலும் மிஞ்சுவது ஆண்டறிக்கைதான், வரலாறு அல்ல.

குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் என்பதால் இன்னொன்றும் சொல்வேன். அடங்கல் படிக்கவும், பசலி ஆண்டைக் கணக்கிடவும், ஒரு கோப்பில் முடிவு எந்தப் பக்கத்தில் எடுக்கப்பட்டது என்று கண்டுபிடிக்கவும் வரலாற்று மாணவர்களுக்கு யாராவது கற்றுத் தர வேண்டும். நாட்டின் நினைவில் பாதி அந்தக் கட்டுகளில்தான் தூங்குகிறது.

அதே சமயம், கல்யாணப் பந்தியில் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி வாங்குவது போலப் பாடம் எடுப்பதில் பயனில்லை. சேர விரும்புகிறவர்கள் மூன்று கேள்விகள் கேட்கட்டும். துணைப்பாடம் ஒரு கருவியைக் கையில் தருகிறதா: புள்ளியியல், வரைபடம், ஒரு பழைய எழுத்து அல்லது அந்நிய மொழி? பாடங்களை இணைத்து ஒரே ஆய்வாக எழுத வைக்கிறார்களா, அல்லது தனித்தனித் தேர்வோடு விட்டுவிடுகிறார்களா? ஒரு துறை ஆசிரியர் மற்றத் துறை ஆசிரியரோடு பேசுகிறாரா?

பெங்களூர் செலவு எல்லாருக்கும் கட்டுபடியாகாது. 1837-இல் தொடங்கிய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கும், லயோலாவுக்கும் 1978-லேயே தன்னாட்சி கிடைத்துவிட்டது. பாடத்திட்டத்தைத் தாங்களே வகுக்கலாம். வரலாற்று மாணவனை நிலவியல், சட்ட வகுப்புகளில் உட்கார வைக்க இப்படிப்பட்ட கல்லூரிகளுக்கு மனம் இருந்தால் போதும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "வரலாறு படித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்பதில் தவறில்லை. கூடவே "என்ன வேலை செய்யத் தெரிந்துகொண்டு வெளியே வருவாய்?" என்றும் கேளுங்கள். அதற்குப் பதில் வைத்திருக்கும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்.